எட்டாங்கட்டைக்குப் போன ஐந்து பேர்

காலை எட்டு இருபது. வீடு இடிக்கிற இயந்திரம் மூன்றாம் லயத்துக்கு, மூன்றாவது வரிசை வீடுகளுக்கு, வந்துவிட்டது. நான் வீரையா அண்ணன் வீட்டுக்குள் ஓடுகிறேன். பூட்டை யாரோ கல்லால் உடைத்திருக்கிறார்கள். உள்ளே ஆள் இல்லை. ஓர் அம்மி. ஒரு தகரப் பெட்டி. சுவரில் முருகன் படம். பெட்டியைத் தூக்குகிறேன். தலைக்கு மேலே கூரைத் தகரம் கிழிகிறது. முதலில் கீச்சென்று நீளமான சத்தம். பிறகு பலகைகள் முறிகிற சத்தம், பட்டாசு மாதிரி.

"கெலுவார்! கெலுவார்!" வண்டியோட்டி மலாயில் கத்துகிறான். வெளியே போ என்கிறான்.

"தனபாலு, வெளிய வாடா! சுவரு சாயுது!" இது அண்ணனின் பக்கத்து வீட்டுச் சரசக்கா.

வந்துவிட்டேன். படத்தை எடுக்கவில்லை. இரண்டு கை போதவில்லை.

ஆண்டு 1983. ஒரு செவ்வாய்க்கிழமை. மலேசியாவில், சுங்காய் பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டம். அதன் பெயர் இப்போது யாருக்கும் வேண்டாம், அங்கே எண்ணெய் எடுக்கிற செம்பனைதான் நிற்கிறது. தோட்டம் கைமாறியது. வாங்கியவர்களுக்கு மரம் வேண்டாம். லயம் வேண்டாம். நாங்களும் வேண்டாம்.

மற்ற வீடுகளை எல்லாம் முந்தின நாளே காலி செய்திருந்தார்கள். இந்த ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்கு முதலில் ஒரு கிரகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிரிக்க வேண்டாம். சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

ரப்பர்ப் பாலை நிறுத்து வாங்குகிற பால் ஸ்டோரில் வேலை செய்தேன். மத்தியானம் பால் நிறுத்து முடிந்தால் கைக்கு வேலை இல்லை. பள்ளி நோட்டுகளில் ஒரு கிரகத்தின் வரலாற்றை எழுதத் தொடங்கினேன். நான்கு ஆண்டு. ஒன்பது நோட்டு. கிரகத்தின் பெயர் எட்டாங்கட்டை. எங்கள் பக்கம் மைல்கல்லைக் கட்டை என்போம். யாரிடம் ஊரைக் கேட்டாலும் மூன்றாங்கட்டை, ஆறாங்கட்டை என்றுதான் சொல்வார்கள். வானத்துக்கும் அதே கணக்கைப் போட்டேன். பூமியிலிருந்து புறப்பட்டால் எட்டாவதாக வருகிற கிரகம்.

அங்கே இரண்டு சூரியன். ஒன்று சாய்ந்தால் மற்றொன்று உதிக்கும். இருட்டு என்பதே கிடையாது. ஆகவே இருட்டில் யாரையும் எழுப்பி, வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட முடியாது. பெரட்டு என்ற சொல்லே அவர்கள் மொழியில் இல்லை. மரம் தானாகப் பால் விடும். கத்தி கிடையாது. கங்காணி கிடையாது. ஆண்டுக்கு ஒரு முறை சீட்டுக் குலுக்கி, வந்த பெயரைத் தலைவராக்குவார்கள். குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர். குழந்தை பிறந்த வீட்டை எவரும் இடிக்கக் கூடாது. அதுதான் முதல் சட்டம்.

அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. முதல் ஏழு கட்டைகளிலும் அந்த மக்கள் வாழ்ந்தார்கள். ஏழிலிருந்தும் துரத்தப்பட்டார்கள். வானத்திலிருந்து இரும்பு வண்டிகள் இறங்கின. ஏழாங்கட்டைப் போர் பதினொரு நாள் நடந்தது. மிஞ்சியவர்கள் எட்டாங்கட்டையில் இறங்கி, இனி நகர மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் போரில் தப்பியவன் சொல்வதுபோல எழுதினேன். நான் பார்த்தேன். நான் ஓடினேன். மூன்றாம் நாள், காலை ஆறு பத்து, முதல் வண்டியின் சத்தம். நிமிடம்கூடத் தவறக் கூடாது என்று பிடிவாதம். நம்புகிற மாதிரி எழுத வேண்டும் என்ற திமிர்.

கடைசிப் பதினொரு ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் கொட்டகையில் படித்துக் காட்டினேன். இருபது பேர் வருவார்கள். முன் வரிசையில் வீரையா அண்ணன். புல்வெட்டுக் கூட்டத்து ஆள். நாற்பது வயது. எழுத்து தெரியாது. வாய் திறந்தபடி கேட்பார். ஆனால் முதல் ஞாயிறு அவர் இல்லை. கொழுந்தியாள் கல்யாணத்துக்குக் கோலா கங்சார் போயிருந்தார். வானம், கிரகம், பயணம் எல்லாவற்றையும் அந்த ஒரு ஞாயிறே படித்து முடித்திருந்தேன். திரும்பச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தேன். எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டிருப்பேன் இதற்காக.

அந்தச் செவ்வாய்க்கு வருகிறேன். காலை ஆறு மணிக்குக் கடைசிப் பெரட்டு. குடும்பத் தலைவர் நேரில் வந்து கைநாட்டு வைக்க வேண்டும். வைத்தால் சுங்காய் பட்டணத்தோரம் வீட்டுமனைப் பட்டியலில் பெயர் ஏறும். வராதவர் பெயர் ஏறாது. எட்டு மணிக்குப் பட்டியல் மூடப்படும். இதை மூன்று நாள் லயம் லயமாகச் சொன்னார்கள்.

ஆறு பத்து. ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுகிறார்.

"வீரையா!"

கிராணி நிமிர்ந்து வரிசையைப் பார்க்கிறார்.

"வீரையா!"

எனக்குப் பின்னால் சரசக்கா. "அவங்க அஞ்சர பஸ்ஸுக்கே போயிட்டாங்க லா. எட்டாங்கட்டைக்கு. அங்க யாரையும் வெரட்ட மாட்டாங்களாம், ரெண்டு ஏக்கர் குடுக்குறாங்களாம். நீதான் சொன்னேன்னு அவரு பொஞ்சாதி அஞ்சல சொன்னா."

எட்டாங்கட்டை என்று பூமியிலும் ஓர் இடம் உண்டு. தெலுக் இந்தான் சாலை. எட்டு மைல். ஆபீஸ் சுவரில் என் சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. மிதித்தால் முக்கால் மணி நேரம். திரும்பும்போது எந்த லோரியிலாவது ஏற்றிக்கொண்டு எட்டுக்குள் வந்திருக்கலாம். வர முடியாமலும் போயிருக்கலாம். என் பெயர் இன்னும் கூப்பிடப்படவில்லை. நான் இருந்த நான்காம் லயம் கடைசியில்தான் வரும்.

"கிராணியாரே, வீரையாண்ணே வந்துருவாரு! கொஞ்சம் டைம் குடுங்க!"

"ஆளு இல்லன்னா பேரு இல்ல. அடுத்தது!"

கத்தினேன். அவ்வளவுதான் செய்தேன். வரிசையை விட்டு நகரவில்லை. காலை ஏழு ஐந்துக்கு என் பெயர் வந்தது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதைச் சொன்னேன். கேட்காமல் பெருவிரலைப் பிடித்து மையில் அமுக்கினார்கள். நான்கு ஆண்டு ஒன்பது நோட்டு எழுதிய கை.

மாலை நான்கு ஐந்துக்கு அண்ணன், அஞ்சலை அக்கா, மூன்று மகள்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஐந்து பேர். முழங்கால் வரை சேறு. தலையில் மூட்டைகள். நடந்ததை அஞ்சலை அக்கா சொன்னார். எட்டு என்று எழுதிய கல்லருகே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கியிருக்கிறார்கள். அது புதிதாக நட்ட கிலோமீட்டர் கல். சுற்றிலும் செம்பனை. ஒரு கடைக்காரர், பழைய எட்டாங்கட்டை இன்னும் மூன்று மைல் என்றிருக்கிறார். மூட்டையோடு நடந்திருக்கிறார்கள். அங்கேயும் செம்பனை. ஒரு வாய்க்கால். தலைவர் வீடு எங்கே என்று போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டிருக்கிறார் வீரையா அண்ணன்.

இப்போது அவர் உடைந்த பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"தம்பி, ரெண்டு சூரியன்னீங்களே. நான் ஏதோ கட்சிக் கொடின்னு நெனச்சேன்லா. ஒரு கொடியும் காணோம். எந்தக் கல்லுல எறங்கியிருக்கணும்?"

"அண்ணே, அது வானத்துல இருக்கு. நானா எழுதுன கத. அப்படி ஒரு எடமே இல்லண்ணே."

என்னையே பார்த்தார். நம்பவில்லை.

"உங்க பேரு லிஸ்டுல ஏறிருச்சுல்ல. எங்களுக்கு அந்த எடத்தையாச்சும் சொல்லக் கூடாதா?"

சத்தியம் செய்தேன். நோட்டைப் பிரித்து முதல் பக்கத்தைக் காட்டினேன். படிக்கத் தெரியாத மனிதரிடம் காட்டினேன். வாசித்தும் காட்டினேன், வானம் என்று நானே இப்போது சேர்த்துப் படிப்பதாக நினைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பத்து வாரம் நம்பியதை ஒரு நாளில் எப்படிக் கலைப்பது? எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் மேல், கிராணி மேல், கல்லைப் பிடுங்கி மாற்றி நட்டவன் மேல். கடைசியில் எல்லாம் என் மேலேயே வந்து விழுந்தது.

மனு எழுதினேன். ஆபீசுக்கு நான்கு முறை போனேன். முதல் முறை மானேஜர் துரை இல்லை. இரண்டாம் முறை கிராணி மாறிப் போயிருந்தார். மூன்றாம் முறை, வேறு இடத்தில் கேள் என்றார்கள். நான்காம் முறை ஆபீசே இல்லை.

அவர்கள் ஈப்போவுக்குப் போனார்கள். மூன்று வருடம் கழித்து அஞ்சலை அக்காவைப் பார்த்தேன். ஒரு மாமாக் கடையின், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின், பின்பக்கம் சாப்பிட்ட மங்குகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணன் எங்கே என்று கேட்டேன். நிமிரவில்லை.

"லீவு நாள்ல பஸ் ஏறிருவாரு. ஒவ்வொரு ரோட்டுலயும் ஒரு எட்டாங்கட்ட இருக்குல்ல. தைப்பூசத்துக்கு முன்னால போனாரு. இன்னும் வரல."

போலீசில் சொல்லியாகிவிட்டதாம். நானும் தேடினேன். சுண்ணாம்பு மலை ஓரம், ஆற்றோரம், இரண்டு மாதம் ஞாயிறுதோறும். எட்டாவது கல் தெரிந்த இடத்திலெல்லாம் இறங்கினேன்.

கணக்கு இது. லயம் நான்கு. வீடு நாற்பத்தெட்டு. எல்லாம் போயின. கோயில் கொட்டகை ஒன்று. பட்டியலில் ஏறிய குடும்பம் நாற்பத்தேழு. அதில் ஒன்று என்னுடையது. மனை கிடைத்தது, வீடு கட்டினேன், அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நோட்டு ஒன்பதும் பத்திரமாக இருக்கின்றன. ஏழாங்கட்டைப் போரில் நாலாயிரம் பேரைச் சாகடித்தேன். ஒருவருக்கும் பெயர் வைக்கவில்லை.

விடுபட்ட குடும்பம் ஒன்று. அஞ்சலை. மல்லிகா. தேவி. சாந்தி. வீரையா, காணவில்லை.