ரோட்டை உயர்த்திய பிறகு

"என்ட முதுகுல மிதிச்சி ஏறு, தங்கச்சி."

பொத்துவிலிலிருந்து கல்முனைக்கு வந்த பஸ்ஸின் ஜன்னலுக்குக் கீழே அந்தக் குரல் கேட்டது. 1950களில், வெள்ளத்துக்குப் பயந்து ரோட்டை உயர்த்திய புண்ணியவான்கள், பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தைப் பள்ளத்திலேயே விட்டிருந்தார்கள். நிறைமாதப் பெண்ணொருத்திக்குப் படி எட்டவில்லை.

"கையத் தாங்க, தூக்கிவிடுறன்," என்றார் கொண்டக்டர்.

"அந்நிய ஆம்புளட கைய அவ புடிக்கமாட்டா," என்று அவளுடைய காக்கா, கூடப்பிறந்த அண்ணன், சேற்றில் குனிந்தார்.

"கெதியா ஏறுங்க! ரோட்ட உயர்த்தினவன் நானில்ல!" என்று கொண்டக்டர் அவசரப்படுத்தினார்.

வயிற்றைப் பிடித்தபடி அவள் ஏறினாள். அண்ணன் நிமிர்வதற்குள் கொண்டக்டர் மணியை அடித்துவிட்டார், பஸ் நகர்ந்தது. பின்னால் ஓடிவந்தவரைப் பார்த்து அவள் கத்தினாள்:

"காக்கா! ஆஸ்பத்திரியடியில இறங்கக்குள்ள ஆர்ர முதுகுல மிதிக்கிற?"