மொனாரோவின் வெள்ளை சீட்

அட, என்ன யோசன ப்ரோடி? உன் குட்டி கோல்ஃப் காரக் குடு, இந்த எட்டு சிலிண்டர் மொனாரோ கார எடுத்துக்க. மேல ஒத்த டாலர் வேணாம். ஏமாத்துறேன்னு நெனைக்கிறியா? குனிஞ்சு பாரு, ஒரு பொட்டு துரு இருந்தா என்னைக் கேளு. பாலரட் ஊரு முழுக்கத் தேடுனாலும் இப்படி ஒண்ணு கெடைக்காது. என் புருஷன் நெவில் என்னைத் தொட்டதவிட இதத் தொட்டுத் தொடச்சதுதான் அதிகம்.

கையெழுத்தா? பக்கவாதம் வந்து அவரு கை விழுந்ததுலேருந்து இந்த வீட்டுல எல்லாத்துக்கும் என் கையெழுத்துதான்.

இல்லையே, அவரக் கேக்கல. எதுக்குக் கேக்கணும்? ஆனா சொல்லிட்டேன்பா. வாய்தான் போச்சு, காது நல்லாக் கேக்குது. காலைல கஞ்சி ஊட்டுறப்பவே சொன்னேன், இன்னைக்கு உங்க வண்டி போகுதுன்னு. பொலபொலன்னு கண்ணுல தண்ணி. தொடச்சும் விட்டேன். பொண்டாட்டி இல்லையா, பின்ன?

ஆமா, அவரோட கார் கிளப் ஆளுங்க திட்டத்தான் செய்வாங்க. பாதர்ஸ்ட் கார் ரேஸ் அன்னைக்கு பீரும் கையுமா வந்து, மனுஷனத் தூக்கி முன் சீட்டுல ஒக்கார வச்சு, என்ஜின உறும விடுவாங்க. வருஷத்துல அன்னைக்கு ஒரு நாள்தான் சிரிக்கிறாரு. கோணச் சிரிப்பு. இனிமே அதுவும் வேணாம்.

என்ன, உன் டிக்கியில சக்கர நாற்காலி நுழையாதா? தெரியும்ப்பா. பின்ன எதுக்கு உன் வண்டியத் தேடிப் புடிச்சேன்? ஆஸ்பத்திரிக்குன்னா டாக்சி சொல்லிக்கலாம். அது வரப்ப வரட்டும். நானும் அப்படித்தான் போனேன். அப்ப எனக்கு ஏழாம் மாசம், கால் வழியா ரத்தம் ஊத்துது. வாசல்ல இதே வண்டி நிக்குது, சாவி அவரு கையில. வெள்ளத் தோல் சீட்டு, கறை பட்டா போகாது, டாக்சிக்குச் சொல்லியிருக்கேன், பொறுன்னாரு. டாக்சி வந்துச்சு. புள்ளதான் போயிருச்சு.

ஐயோ, மூஞ்சிய ஏன் அப்படி வச்சுக்கிற? நீயே பாரு, சீட்டு இன்னும் பளிச்சுன்னுதான் இருக்கு.

சரி, சாவியப் புடி. இந்தத் தெருவுல வித்த வண்டி சும்மா போகக்கூடாது, டயரத் தேச்சுப் பொகையக் கெளப்பிட்டுத்தான் போகணும். அட, அங்க வேணாம்ப்பா. அந்தச் சன்னலுக்கு நேரா நிறுத்திப் பண்ணு. அவருக்குக் கழுத்து திரும்பாது. நாற்காலிய நானே இந்தப் பக்கமாத் திருப்பி வச்சிருக்கேன்.