மாத்த வேணாம்னா வேணாம்

விருத்தகிரி: …அதான் சொல்லிட்டேன்ல. மாத்த வேணாம்னா வேணாம்.

செல்வநாயகி: ஏன்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கிறீங்க.

விருத்தகிரி: நல்லா ஓடிகிட்டு இருக்கிற கம்ப்யூட்டர எதுக்கு நோண்டணும்?

செல்வநாயகி: நல்லா ஓடுதா? போன மாசம் வேற மாதிரி சொன்னீங்களே. ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போவ வேண்டிய அகல் வெளக்கு மங்களூருக்குப் போயிருச்சி. மங்களூருக்குப் போவ வேண்டிய பீங்கான் பியூசு ஸ்ரீமுஷ்ணத்துல போயி எறங்கிச்சி. கேட்டா, கம்ப்யூட்டர் பேரு மாத்திப் போட்டுருச்சின்னீங்க.

விருத்தகிரி: ஆமா… அன்னிக்கு ஏதோ கோளாறு பண்ணிச்சி.

செல்வநாயகி: கோளாறுன்னா மாத்தலாம். நல்லா ஓடுதுன்னா, பேரு மாத்திப் போட்டது நீங்க. ரெண்டுல எதுங்க?

விருத்தகிரி: வக்கீல் கணக்கா கேக்காத நாயகி. களிமண் லோடு வந்து நிக்கிது, போயி அதப் பாரு.

செல்வநாயகி: லோடு எறக்கியாச்சி. விண்டோஸ் பத்துக்கு இனிமே பாதுகாப்பு அப்டேட்டு வராதாம். போன வருசமே நிறுத்திட்டாங்களாம். வைரஸ் ஏதாச்சும் பூந்துச்சின்னா நம்ம பீங்கான் யூனிட்டு பில்லு, டிசைனு, ஜிஎஸ்டி அம்புட்டும் போயிருமாம். கார்முகில் சொன்னான்.

விருத்தகிரி: கார்முகில்… உன் சித்தி மவன் கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கான். நாலு பேரப் பயமுறுத்தினாதான அவன் கடை ஓடும்.

செல்வநாயகி: இதுக்கு அவன் ஒண்ணும் கேக்கல. நம்ம மிஷினே தாங்கும், சும்மாவே மாத்திக்கலாம்னான்.

விருத்தகிரி: அதுதான் எனக்கு இடிக்குது. சும்மா செஞ்சு தர்றேன்னு எவன் வருவான்? புதுசுல இமெயிலு குடுத்துதான் உள்ள போவணுமாமே. பாஸ்வேர்டு அவன் கையிக்குப் போயிரும். அப்புறம் இந்த யூனிட்டு யாரு கையில இருக்கும்?

செல்வநாயகி: பாஸ்வேர்டப் பத்தி நீங்க பேசுறீங்களா? கல்யாணம் ஆயி வந்ததுலேர்ந்து இந்த ஆபீசு ரூமுக்குக் கதவுகூட சாத்துனதில்ல. இப்ப கொஞ்ச நாளா கம்ப்யூட்டருக்கு மட்டும் பூட்டு. நான் என்னா வெளியாளா?

விருத்தகிரி: நீ குடோன்ல நின்னுகிட்டு அவன்கிட்ட போன்ல குசுகுசுன்னு பேசுறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நான் வந்தா பேச்சு நின்னுருது. சொல்லு. ஏன் நிக்கிது?

செல்வநாயகி: சொல்றேன். மொதல்ல நீங்க சொல்லுங்க. செவ்வாக்கிழம எங்க போனீங்க?

விருத்தகிரி: நெய்வேலிக்கு. களிமண் பாக்க.

செல்வநாயகி: போன மாசமும் அப்பிடித்தான் சொல்லிட்டுப் போனீங்க. நான் களிமண்காரருக்குப் போனப் போட்டேன். உங்க வூட்டுக்காரரு இந்தப் பக்கம் வந்தே ரொம்ப நாளாவுதும்மான்னாரு.

விருத்தகிரி: என்ன வேவு பாக்குறியா?

செல்வநாயகி: பாக்க வச்சிட்டீங்க. நம்ம சூளையில வேல செய்யிற அமிர்தம் போன மாசம் உங்கள பஸ் ஸ்டாண்டுல பாத்திருக்கா. பாண்டிச்சேரி பஸ்ஸுகிட்ட நின்னுகிட்டு, இது எந்த ஊரு பஸ்ஸும்மான்னு அவளயே கேட்டீங்களாம். அவ சொல்றதுக்குள்ள கண்டக்டர் பாண்டி பாண்டின்னு கத்த, ஏறிட்டீங்களாம். மொதலாளி என்ன யாருன்னே தெரியாத மாதிரி பேசுனாரும்மான்னு வந்து என்கிட்ட வருத்தப்பட்டா.

விருத்தகிரி: அது… கூட்டமா இருந்திச்சி. கவனிக்கல.

செல்வநாயகி: தெனம் மூஞ்சியப் பாக்குறவள கவனிக்கலயா? பாண்டியில யாருங்க இருக்கா?

விருத்தகிரி: யாரும் இல்ல.

செல்வநாயகி: மொதல்ல குடின்னு நெனச்சேன். சோறு போடுற சாக்குல கிட்ட வந்து மோந்துகூட பாத்தேன். அது இல்லன்னு தெரிஞ்சதும் மனசு வேற பக்கம் போயிருச்சி. யாராச்சும் பொம்பளயா இருக்குமோன்னு…

விருத்தகிரி: நாயகி, என்னா பேச்சு இது. நம்ம பொண்ணு வெண்பா காதுல வுழுந்தா என்னா நெனக்கும்?

செல்வநாயகி: அவ சிதம்பரத்துல காலேஜ்ல இருக்கா, அவ காதுல எப்பிடி வுழும்? வேற எப்பிடிங்க நான் நெனக்கிறது? பொய் சொல்லிட்டு பஸ்ஸு ஏறுறீங்க. கம்ப்யூட்டரப் பூட்டி வச்சிருக்கீங்க. மாத்தலாம்னா எரிஞ்சு வுழறீங்க. அதுக்குள்ள எதையோ மறைக்கிறீங்கன்னுதான எவளும் நெனப்பா?

விருத்தகிரி: அதுக்குள்ள ஒண்ணும் இல்ல. பில்லும் டிசைனும்தான். வேற ஒண்ணும் இல்ல.

செல்வநாயகி: சரி. சூளையில ஒரு லோடு அம்புட்டும் கருகிப் போச்சே, அது?

விருத்தகிரி: சூடு காட்டுற மீட்டர் சரியா வேல செய்யல.

செல்வநாயகி: மீட்டரும் கோளாறா? அன்னிக்கி நீங்க மீட்டருக்கு நேரா நின்னுகிட்டு, என்னா காட்டுதுன்னு அமிர்தத்தக் கேட்டீங்களாம். அவ பாத்து சொல்லிட்டா. அவ சோத்துக்குப் போன பொறவு நீங்க தனியா நின்னீங்க. அப்பதான் சூடு ஏறிப் போச்சி. ஏங்க.

விருத்தகிரி: என்னா?

செல்வநாயகி: சூளைய வுடுங்க. கம்ப்யூட்டருக்கே வருவோம். இப்ப ஸ்கிரீன்ல என்னா இருக்குது?

விருத்தகிரி: எதுக்கு கேக்குற?

செல்வநாயகி: சும்மா சொல்லுங்க. உங்க எதிர்லதான இருக்குது.

விருத்தகிரி: அதான்… நீலமா ஒண்ணு வந்து நிக்குமே, சப்போர்ட் முடிஞ்சி போச்சி, புதுசுக்கு மாறுங்கன்னு. அதே அறிவிப்புதான். தெனம் வந்து தொல்ல பண்ணுது.

செல்வநாயகி: இல்லீங்க.

விருத்தகிரி: என்னா இல்ல?

செல்வநாயகி: வெண்பா போட்டோங்க அது. பழமலைநாதர் கோயில்ல எடுத்தது. நீல சுடிதாரு போட்டுகிட்டு சிரிச்சிகிட்டு இருக்கா. நீங்க வர்றதுக்கு முன்னாடிதான் ஸ்கிரீன் முழுக்க வச்சேன்.

விருத்தகிரி: பாஸ்வேர்டு எப்பிடி…

செல்வநாயகி: ஒவ்வொரு எழுத்தா வாய்வுட்டு சொல்லிகிட்டே தட்டுறீங்க. நீங்க சொல்றது உங்களுக்கே தெரியல.

விருத்தகிரி: நாயகி…

செல்வநாயகி: எவ்ளோ நாளாங்க?

விருத்தகிரி: பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து. மொதல்ல கொசு பறக்குற மாதிரி இருந்திச்சி. அப்புறம் நடுவுல புகை கட்டிகிச்சி. ஓரத்துல கொஞ்சம் தெரியும். ஆளு அசையிறது தெரியும், மூஞ்சி தெரியாது. கொரல வச்சிதான் யாருன்னு பேசுறேன்.

செல்வநாயகி: என் மூஞ்சி?

விருத்தகிரி: …நீ பொட்டு வச்சிருக்கியா இல்லியான்னு தெரியல. அழுவுறியா?

செல்வநாயகி: இல்ல. நீங்க சொல்லுங்க.

விருத்தகிரி: பாண்டியில கண்ணாஸ்பத்திரிக்குதான் போனேன். சக்கரை கண்ணுல எறங்கிருச்சாம், உள்ள ரத்தம் கசியுதாம். கண்ணுல ஊசி போடணும்னாங்க. தள்ளிப் போட்டா இருக்கிறதும் போயிரும்னாங்க. போட்டுடுங்கன்னு உக்காந்தேன். கூட யாரு வந்திருக்காங்கன்னு கேட்டாங்க. யாரும் இல்லன்னேன். ஆளக் கூட்டிகிட்டு வா, இல்லாம போட மாட்டோம்னு அனுப்பிட்டாங்க.

செல்வநாயகி: ரெண்டு தடவயுமா?

விருத்தகிரி: ரெண்டு தடவயும். செவ்வாக்கிழம, பொண்டாட்டி வெளிய டீ வாங்கப் போயிருக்குன்னு பொய்கூட சொல்லிப் பாத்தேன். வரட்டும்னு உக்கார வச்சிட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்துட்டு எழுந்து வந்துட்டேன்.

செல்வநாயகி: என்ன கூப்புட்டா நான் வந்திருக்க மாட்டேனா…

விருத்தகிரி: வந்திருப்ப. வந்தா எல்லாம் வெளிய வந்துரும். வெண்பா பரீட்சைய வுட்டுட்டு ஓடியாந்துரும். கண்ணு தெரியாதவன நம்பி எவன் ஆர்டர் குடுப்பான்? ஸ்ரீமுஷ்ணம் கோவிந்தசாமி ஏற்கெனவே ஒரு மாதிரி பேசுறாரு. அதுக்குள்ள நீயும் கார்முகிலும் தனியா பேச ஆரம்பிச்சீங்க. சரி, என்ன ஓரமா உக்கார வச்சிட்டு நீங்க நடத்திக்கப் போறீங்கன்னு தோணிச்சி. அதான் பூட்டு போட்டேன்.

செல்வநாயகி: அப்ப கம்ப்யூட்டர மாத்த வேணாம்னது?

விருத்தகிரி: இதுல எது எங்க இருக்குதுன்னு கையிக்குத் தெரியும் நாயகி. கீழ எடது மூலையில ஸ்டார்ட்டு. மேலேர்ந்து நாலாவது பில்லு. அதுக்குக் கீழ டிசைனு. பாக்காமலே போயி அமுக்குவேன். உள்ள போயி பேருதான் சில நேரம் தப்பாயிரும். புதுசுல எல்லாம் நடுவுல வந்துரும், எடம் மாறிரும்னு மேல ரோட்டு நெட் சென்டர்ல பேசிகிட்டாங்க. எடம் மாறிட்டா நான் அவ்ளோதான். அப்புறம் இந்த நாற்காலியில உக்கார என்னா இருக்குது எனக்கு?

செல்வநாயகி: கோவிந்தசாமி என்னா பேசுனாருன்னு தெரியுமா உங்களுக்கு? சரக்கு மாறி வந்ததுக்கு அவரு கோவமே படல. உங்க வூட்டுக்காரரு இப்பிடித் தப்பு பண்ற ஆளு இல்லம்மா, ஒடம்புக்கு ஏதாச்சும் முடியலயான்னுதான் கேட்டாரு. அன்னிக்கிதான் எனக்குப் பொறி தட்டிச்சி. அமிர்தம் சொன்னதயும் சூளையில லோடு கருகுனதயும் சேத்துப் பாத்தேன். குடோன்ல நின்னு கார்முகில் கிட்ட என்னா பேசுனேன்னு கேட்டீங்கள்ல? கண்ணு டாக்டருல யாரு நல்லா பாப்பாங்கன்னு விசாரிச்சிகிட்டு இருந்தேன்.

விருத்தகிரி: அப்ப… தெரிஞ்சிகிட்டேதான் இவ்ளோ நேரம் நோண்டி நோண்டி கேட்டியா?

செல்வநாயகி: நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லவே மாட்டேங்கிறீங்க. எத்தினி நாளுதான் நானும் தெரியாதவ மாதிரியே இருக்கிறது? நாளைக்கி மொத பஸ்ஸுக்குப் போறோம். ஊசி போட்டுகிட்டு வர்ற வரைக்கும் சூளைய அமிர்தம் பாத்துக்கும். வெண்பாவுக்கு பரீட்ச முடியட்டும், நான் சொல்லிக்கிறேன். பேரு அடிக்கும்போது பக்கத்துல நான் உக்காந்துக்கிறேன். மத்ததெல்லாம் நீங்கதான் பாக்கணும். நாற்காலிய வுட்டு எழுந்திரிச்சிட்டா எனக்குக் கெட்ட கோவம் வரும்.

விருத்தகிரி: ம்… சரி. அப்ப கார்முகிலயும் வரச் சொல்லிடு. மாத்திட்டுப் போவட்டும். எங்க எங்க எது இருக்குதுன்னு ரெண்டு நாளு என் கையப் புடிச்சிக் காட்டு, பழகிக்கிறேன்.

செல்வநாயகி: அவன் வர வேண்டியதில்லீங்க. செவ்வாக்கிழம நீங்க பஸ்ஸு ஏறுனதுமே வந்து மாத்திட்டுப் போயிட்டான். அதுலேர்ந்து நீங்க புதுசுலதான் பில்லு போட்டுகிட்டு இருக்கீங்க. உங்க கை எத எங்க தேடுமோ அங்கயே வையிடான்னு, சாயங்காலம் வரைக்கும் அவன் பக்கத்துல உக்காந்து ஒண்ணொண்ணா வைக்க வச்சேன்.