நான்கு திரையிலும் ஒரே வெள்ளை

டீ நன்றாக இருக்கிறது, மேடம். குறை சொல்லவில்லை. ஆனால் இந்த ஸ்டேஷன் அறையில் இரண்டு டியூப்லைட் எரிகிறது. ஒன்று நீலம் கலந்த வெள்ளை, இன்னொன்று பழுத்த வெள்ளை. இதற்குக் கீழே உட்கார்ந்தால் எவ்வளவு நல்ல மனுஷனுக்கும் முகம் பாதி பாதியாகத்தான் தெரியும். இங்கே வருகிறவர்கள் எல்லாம் உண்மையைக் கக்கிவிடுவது இந்த விளக்கைச் சகிக்க முடியாமல்தான் என்று நினைக்கிறேன்.

நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன். என் வீட்டுக்காரி தங்கபுஷ்பம், நான் பத்து என்றால் மூன்று என்று எடுத்துக்கொள்வாள். நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளலாம். கூட்டாத இடம் வந்தால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆதித்தன் கலர் லேப் என்றால் தென்காசியில் தெரியாத ஆள் கிடையாது. நாற்பது வருஷம். பண்பொழியிலிருந்து வீரகேரளம்புதூர் வரைக்கும் கல்யாணமான அத்தனை பேரின் படத்துக்கும் நிறம் கொடுத்தது என் கைதான். ஒரு பத்து லட்சம் மணப்பெண்கள் இருக்கும். கறுத்தவர்களைச் சிவப்பாக்கினேன், அழுது சிவந்த கண்களை வெள்ளையாக்கினேன். ஒரு மாப்பிள்ளைக்கு நான் கொடுத்த நிறத்தைப் பார்த்து, வேறு ஆளை மாற்றிவிட்டார்கள் என்று பெண்வீட்டார் சண்டைக்கே வந்தார்கள்.

கடைசியில் வந்தது அருவிக் காவல்காரன் சொரிமுத்து மகள் கல்யாண ஆல்பம். அந்தப் பெண்ணின் அரக்குக் கூரைப்புடவை என் பிரிண்டில் கத்தரிப்பூ நிறத்தில் விழுந்துவிட்டது. சொரிமுத்து ஆல்பத்தை டீக்கடை பெஞ்சில் விரித்துவைத்துக்கொண்டு, "ஏலே, இங்கன வந்து பாருங்கலே. அண்ணாச்சி கண்ணுல பூ விழுந்துட்டு போலுக்கு. என் மவளுக்குக் கத்தரிக்காய்ச் சேலை கட்டி விட்டிருக்காரு" என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆயிரம் பேர் இருப்பார்கள். சரி, ஐந்து பேர்.

ஆறு மாதத்தில் லேபை மூடினேன். கேட்டவர்களிடம் ஓய்வு என்று சொன்னேன்.

பிறகு தங்கபுஷ்பத்தின் நச்சரிப்பு தாங்காமல் வலது கண்ணில் புரை எடுத்துக்கொண்டேன். இடது கண்ணையும் அடுத்த மாதமே செய்துவிடலாம் என்றார் டாக்டர். அந்தக் கண்ணின் லென்ஸ் மாம்பழத்தோல் மாதிரி மஞ்சளாக இருக்கிறதாம். நான் போகவில்லை. காரணம் சொல்கிறேன். கட்டுப் பிரித்த மறுநாள் வீட்டிலிருந்த என் கடைசிக் காலத்து ஆல்பங்களை எடுத்து அந்தப் புதுக் கண்ணால் பார்த்தேன். நாலு பக்கம் புரட்டினேன், எல்லாவற்றிலும் நீலம் ஏறியிருந்தது. மூடி, பரண்மேல் வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் உண்மையாகப் பயந்தது அன்றைக்குத்தான், மேடம். அதற்கப்புறம் நிறம் பார்க்கிற வேலை என்றால் வலது கண்ணை மூடிக்கொள்வேன். இடது கண் வியூஃபைண்டரில் நாற்பது வருஷம் சர்வீஸ் போட்ட கண். வலதில் இருப்பது ஒரு வயது பிளாஸ்டிக். எதை நம்புவது?

ஜெனோ போன் செய்தது இந்தச் சீசன் தொடக்கத்தில். குற்றாலத்துக்கு மேலே தோட்டத்துக்குள் இருக்கிற அந்த விடுதியின் மேனேஜர். அங்கே விடுதிக்காரர்களுக்கென்றே சொந்தமாக ஓர் அருவி உண்டு. அருவி வெள்ளம் உங்களுக்குத் தெரியாததில்லை. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மலை உச்சியில் கொட்டும். வெள்ளம் வருவதற்குக் கொஞ்சம் முந்தி தண்ணீர் நிறம் மாறும். செம்மண் கலந்து டீ மாதிரி ஆகும். அதற்கப்புறம் அந்த இடத்தில் ஏழு நிமிஷம் கிடைக்கும். அதற்குள் குளிக்கிறவர்களை வெளியேற்றிவிட வேண்டும். பதினெட்டு வருஷமாக மேல்வளைவுப் பாறையில் நின்று அந்த நிறத்தைப் பார்த்து விசில் ஊதிக்கொண்டிருந்தவன் சொரிமுத்து. இரண்டு வருஷத்துக்கு முன் நான்கு கேமராவும் ஒரு சைரனும் வைத்து, அவனை அறைக்குள் நான்கு மானிட்டர் முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள்.

"அங்கிள், நாலும் நாலு கம்பெனி" என்றான் ஜெனோ. "ஒண்ணுல தண்ணி பச்சையா ஓடுது, ஒண்ணுல மஞ்சளா ஓடுது. எது கலங்கல், எது நல்ல தண்ணின்னு சொரிமுத்து அண்ணன் குழம்புதாரு. நீங்க வந்து நாலையும் ஒண்ணு போல ஆக்கித் தரணும்."

போனேன். என்னிடம் நிறமளக்கிற கருவி இருக்கிறது. மவுஸைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். திரையில் ஒட்டி வைத்தால் திரை காட்டுகிற சிவப்பு, பச்சை, நீலத்தை அளந்து, கூடுதல் குறைச்சலைத் தானே திருத்திவிடும். ஒவ்வொரு மானிட்டருக்கும் கால்மணி நேரம். ஒரு மணி நேரத்தில் நான்கும் ஒரு தாய் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டன. அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபோது நான்கிலும் தண்ணீர் பழுப்பாக இருந்தது. கருவி தப்பு செய்கிறது என்று முடிவு பண்ணினேன். கையாலேயே நீலத்தைக் கூட்டினேன், சிவப்பையும் மஞ்சளையும் இறக்கினேன், அருவி பால் மாதிரி வருகிறவரைக்கும். நான்கிலும் அதே அளவு. பிறகு யாரும் தொடாதபடி பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினேன்.

சொரிமுத்து வந்து பார்த்தான். "என்ன அண்ணாச்சி, தண்ணி சொட்டு நீலத்துல முக்குன வேட்டி மாதில்லா இருக்கு."

"கருவி வச்சு அளந்திருக்கேன்லே. கருவி கண்ணுலயும் பூ விழுந்துட்டாக்கும்?"

"அதுக்கில்ல அண்ணாச்சி. கலங்கல் வந்தா இதுல தெரியுமா?"

"தெரியலேன்னா போயி உன் கண்ணைக் காட்டு."

ஜெனோ சிரித்தான். ஒரே ஒரு ஆள்தான் சிரித்தான், மேடம். ஆனால் எனக்கு வயது இருபது குறைந்துபோயிற்று.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் சொரிமுத்து வீட்டுக்கு வந்தான். திட்ட வந்திருக்கிறான் என்று நினைத்தேன். கொடுத்த காபியைக் கீழே வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். அன்று மத்தியானம் தற்செயலாக வெற்றிலை துப்ப வெளியே வந்திருக்கிறான். அருவி டீ நிறத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. விசிலை ஊதிக்கொண்டே ஓடி எல்லாரையும் வெளியேற்றியிருக்கிறான். வந்தது சின்ன வெள்ளம், யாருக்கும் ஒன்றும் இல்லை.

"வெளிய வந்து பாத்தா டீத்தண்ணி. உள்ள போயி பாத்தா பாலு" என்றான். "எதை நம்பணும்னே தெரியல அண்ணாச்சி. பயமா இருக்கு. கண்ண மூடுனா சின்னப்பிள்ளைய எல்லாம் அடிச்சிட்டுப் போவுத மாதியே இருக்கு. அன்னைக்கு டீக்கடையில நான் பேசுனது தப்புதான், மனசுல வச்சிக்கிடாதீய. அதைப் பழையபடி ஆக்கிக் குடுத்துருங்க."

உள்ளேயிருந்து தங்கபுஷ்பம், "போயி சரிபண்ணிக் குடுத்துட்டுத்தான் வாங்களேன். என்ன கொறஞ்சு போவுது?" என்றாள்.

மறுநாள் காலையில் போனேன். அருவியில் முந்தின நாள் கலங்கல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. பாறையில் நின்று வலது கண்ணால் பார்த்தேன்: தண்ணீர் பழுப்பு. அறைக்குள் வந்து அதே வலது கண்ணால் திரையைப் பார்த்தேன்: சுத்த வெள்ளை. நல்ல தண்ணீர் நீலமாகவும் கலங்கல் தண்ணீர் வெள்ளையாகவும் தெரியும்படி நான் செய்து வைத்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. இதை நான் கூட்டவில்லை.

சரிசெய்ய இரண்டு நிமிஷம் போதும். கை மவுஸ்மேல் இருந்தது. வாசலில் ஜெனோ வந்து நின்று, "என்ன அங்கிள், மிஸ்டேக் ஆயிட்டா?" என்றான்.

மரியாதையாகத்தான் கேட்டான். எனக்குத்தான் அந்த டீக்கடை பெஞ்ச் கண்ணுக்கு முன்னால் வந்தது. பரணில் இருக்கிற ஆல்பங்களும் வந்தன. இங்கே தப்பு என்றால் அங்கேயும் தப்பு. மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"திரை கரெக்டா இருக்கு" என்றேன். "சொரிமுத்துக்குத்தான் கண் டெஸ்ட் எடுக்கணும்."

சொரிமுத்து என்னைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் நான் ஒருவேளை சரிசெய்திருப்பேன். அவன் தன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு திரையைப் பார்த்தான்.

அவனுக்குக் கண்ணாடி போட்டார்கள். ஒன்றுமில்லாத வெள்ளத்துக்குக் குளிக்கிறவர்களை விரட்டினான் என்று விருந்தினர்கள் புகார் சொன்னதால் ஜெனோ விசிலை வாங்கிக்கொண்டான். திரையில் கலங்கல் தெரிந்தால் மட்டும் சைரன் என்று உத்தரவு. நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் நிறத்தைச் சோதித்துவிட்டு வருவதாக ஒத்துக்கொண்டேன், இனாமாக. பார்ப்பதற்கு அங்கே வேலை ஒன்றும் கிடையாது. சொரிமுத்துவுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். அவன் ஜன்னல் வழியாக அருவியைப் பார்ப்பான், திரையைப் பார்ப்பான், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான். "அண்ணாச்சி, இப்ப சரியாத்தான இருக்கு?" என்பான். "சரியாத்தான் இருக்கு" என்பேன். பதினெட்டு வருஷம் ஒரு மலைத் தண்ணீரைப் படித்த கண், நாலு வாரத்தில் என்னிடம் உத்தரவு கேட்க ஆரம்பித்திருந்தது. ஐந்தாவது வாரம் அவன் ஜன்னல் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டான். எனக்குப் பொழுது நன்றாகப் போயிற்று. பொய் சொல்வானேன்.

போன ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணி, நல்ல வெயில். அருவிக்குக் கீழே நூறு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் பத்து என்கிறீர்கள். பத்து என்றே இருக்கட்டும். மேல்வளைவுத் திரையில் நீலம் மெல்ல வடிந்து வெள்ளை ஏறியது. உண்மையைச் சொன்னால், அந்தத் திரைகளில் தண்ணீர் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததே இல்லை. ஜன்னல் வழியாக வலது கண்ணால் பார்த்தேன். டீ.

"அண்ணாச்சி, சத்தம் மாறுதுல்லா?" என்றான் சொரிமுத்து. கை சைரன் பொத்தானுக்குப் போய் நின்றது.

"திரையைப் பாருலே. நாலும் ஒண்ணு போல இருக்கு."

கையை எடுத்துக்கொண்டான். முழங்கால் இரண்டையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்தில் அடிக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி. நான்கு நிமிஷம். நீங்கள் பதிவில் கணக்குப் பார்த்ததாகச் சொன்னீர்கள். நான் சுவர்க்கடிகாரத்தில் பார்த்தேன். பிறகு அவன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தான். ஜன்னலைப் பார்த்தான். "அடப்பாவி" என்றான். என்னையா, தன்னையா, தெரியவில்லை. ஓடினான்.

விசில் இல்லாததால் கத்திக்கொண்டே ஓடினான். அருவிச் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்? சைரன் பொத்தான் எனக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. சிவப்புப் பொத்தான், அது எந்தக் கண்ணுக்கும் சிவப்பாகத்தான் தெரியும். நான் எழுந்திருக்கக்கூட வேண்டாம், கையை நீட்டினால் போதும். மூன்று நிமிஷம் மிச்சமிருந்தது. நீட்டினால் திரை பொய் என்று ஆகிவிடும். நீட்டவில்லை. இதையும் கூட்டாமல் சொல்கிறேன்.

பாறைப்படியில் சறுக்கி இறங்கி, அவன் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினான். எட்டுப் பேர். பாறைச் சுவரோரமாக நின்றிருந்த இரண்டு பேருக்காகத் திரும்பவும் உள்ளே போனான். மசூது, நிலோபர் என்று அப்புறம் பேப்பரில் பார்த்தேன். கல்யாணமாகி நாற்பது நாளாம். மூன்று பேரும் கைகோத்தபடி நின்றதுவரை தெரிந்தது. பிறகு வெள்ளை. நான்கு திரையிலும் ஒரே வெள்ளை, இம்மி பிசகவில்லை.

தண்ணீர்தான் கொன்றது என்று முதலில் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் எழுத மறுத்துவிட்டீர்கள். நியாயம்தான். அப்படியானால் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: திரை தப்பு என்று எனக்குத் தெரியும். வெள்ளம் வருகிறது என்று தெரியும். சொரிமுத்துவின் கையைப் பொத்தானிலிருந்து எடுக்க வைத்தது நான். அவன் ஓடிய பிறகும் அமுக்காமல் இருந்தது நான். மூன்று பேரையும் கொன்றது ஆதித்தன், வயது அறுபத்தெட்டு. கையெழுத்து எங்கே போட வேண்டும்?

ஒரே ஒரு விஷயம் பாக்கி. சற்று முன்னால் அந்த நேரத்துப் பதிவை உங்கள் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினீர்கள். அதில் தண்ணீர் ரத்தம் கலந்த மாதிரி விழுகிறது, பார்க்கவே பயமாக இருக்கிறது. வலது கண்ணை மூடிக்கொண்டு நன்றாகப் பார்த்துவிட்டேன், மேடம். உங்கள் மானிட்டரில் சிவப்பும் மஞ்சளும் ரொம்பக் கூடுதல். கோர்ட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் என்னிடம் விடுங்கள், சரிபண்ணித் தந்துவிடுகிறேன்.