பேக்கிங் ஹாலில் மணி நாலு இருபது

ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டரை மணி. ராத்திரி இல்லை, பட்டப்பகல்... மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கம்பெனிகள் எல்லாம் மூடிக் கிடந்தன. லாரி இல்லை, ஆள் இல்லை. அந்த ரோட்டில் என் நண்பன் சக்கரபாணியின் அக்கா சிவசங்கரி மட்டும் ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தாள். 2004ஆம் வருஷம்.

பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அங்கே ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி காட்டும். திருத்தித் திருத்தி அலுத்துப்போய், எல்லாம் தாமாகவே சர்வரைக் கேட்டு மணியைச் சரிசெய்துகொள்ள ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். ஆள் இல்லாத நாளில் அதை ஓட்டிப் பார்க்கத்தான் வந்தாள். கேட்டில் வாட்ச்மேன் ஆதிமூலம். உள்ளே அவள் மட்டும்.

ஓட்டினாள். வரிசையாக எல்லாம் சரியாகிவிட்டன... பேக்கிங் ஹால் கம்ப்யூட்டரைத் தவிர. அதில் மணி நாலு இருபது. மறுபடி ஓட்டினாள். நாலு இருபது.

நேரில் போனாள். கதவைத் திறந்ததும் பிளாஸ்டிக் கருகும் வாடை. மிஷின்களைச் சனிக்கிழமையே நிறுத்தியாகிவிட்டது. கையாலேயே இரண்டு ஐம்பது என்று மாற்றினாள். விரலை எடுப்பதற்குள்... நாலு இருபது. நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிவிட்டு மாற்றினாள். நாலு இருபது.

முதுகுக்குப் பின்னால், மூடிகளைக் கொண்டுபோகும் பெல்ட் ஓட ஆரம்பித்தது. சர்ர்ர்... டக். சர்ர்ர்... டக்.

மிஷின்களின் மெயின் சுவிட்ச் அணைந்தே இருந்தது.

கேட்டுக்கு ஓடிவந்தாள். “அண்ணே, பேக்கிங்ல யாரு இருக்காங்க?”

“யாரும் இல்லியேம்மா.” ஆதிமூலம் அவள் முகத்தையே பார்த்தார். “அந்தக் கம்ப்யூட்டராண்ட போனீங்களா?”

“அதுல மணி மாறவே மாட்டேங்குது. நாலு இருவதுலயே நிக்கிது.”

அவர் குரல் இறங்கியது. “போன மாசம் பேக்கிங்ல வேலை பாத்த வீராயி முந்தானை பெல்ட்டுல மாட்டிக்கிச்சே... அது நாலு இருவதுக்கும்மா. நான்தான் தூக்கினேன். வேலை முடிஞ்சி, அஞ்சு இருவதுக்கு அவளா போயி மாட்டிக்கினான்னு ஆபீஸ்ல எழுதிட்டாங்க. கம்ப்யூட்டர்லயே அப்பிடித்தான் பதிவாயிருக்காம்.”

 வீராயி செத்த அன்று சாயங்காலம் மேனேஜர் போனில் சொன்னது சிவசங்கரிக்கு ஞாபகம் வந்தது: “பேக்கிங்ல மணி தப்பா ஓடுதும்மா. இன்னிக்குப் பதிவானதையும் சேத்து ஒரு மணி நேரம் தள்ளி வச்சிடு.” ஏன் என்று கேட்காமல் தள்ளி வைத்தது அவள்தான்.

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் லேபர் ஆபீசுக்குப் போய், மணியை மாற்றியது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வேலை போனது. ஆனால் வீராயி வேலை நேரத்தில்தான் செத்தாள் என்று தீர்ப்பு வந்தது. கையெழுத்துப் போட்ட நிமிஷத்திலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் சரியான மணி காட்டியதாம்.

அவளுக்கு அடுத்து வந்தவன் பாலாஜி. ஒருநாள் தூசி தட்ட அந்தக் கம்ப்யூட்டரின் பெட்டியைத் திறந்திருக்கிறான். மணி ஓடுவதற்கென்று உள்ளே பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அது இல்லை. அது இருக்கவேண்டிய குழியில், மோதிரம் மாதிரி சுருட்டி வைத்த, ஒரு பெண்ணின் நீளமான தலைமுடி. தொட்டுப் பார்த்தான்...

தேங்காய் எண்ணெய் ஈரம் இன்னும் காயவில்லை.