பூனைகளுக்கு ஒரு விரதம்

பூனையின் காதில் சொட்டு மருந்து விடுவதற்கு முன் புட்டியைச் சிறிது நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருக்க வேண்டும். மருந்து குளிர்ந்திருந்தால் அதற்குத் தலை சுற்றும். மறுமுறை நம் கையைக் கண்டாலே ஓடும். பூனை வளர்ப்போர் பலருக்கு இது தெரிவதில்லை. சொல்லிக்கொடுத்தாலும் பொறுமை இருப்பதில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் யாழினி, நீங்கள் நாற்காலியும் தண்ணீரும் கொடுத்து, "மெதுவா சொல்லுங்க டீச்சர், ஒண்ணும் அவசரமில்ல" என்றீர்கள். நன்றி. மெதுவாகத்தான் சொல்வேன். நடந்தவற்றின் வரிசை மாறினால் பொருளும் மாறிவிடும்.

என் பெயர் கமலவல்லி. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் சொந்த வீடு. கணவர் வரது பரமபதித்த பிறகு, வெளியே போய்த் திரும்பிப் பூட்டில் சாவியை நுழைக்கும்போது உள்ளே எந்த ஒலியும் கேட்காது. அந்த ஒலியின்மைக்கு நான் அஞ்சினேன். வேறு எதற்கும் அஞ்சியவள் அல்லேன்.

அப்போதுதான் பொன்னி வந்தது. கொள்ளிடக் கரையில் யாரோ சிமெண்ட் சாக்கில் கட்டிப் போட்டுவிட்டுப் போன குட்டி. அதை எடுத்துவந்தவள் எதிர்வீட்டு மாதுரி. வங்கியில் வேலை பார்க்கிறாள். மாலை நேரங்களில் அடிபட்ட நாய் பூனைகளை மீட்கும் ஒரு குழுவோடு சேர்ந்து அலைகிறாள். பொன்னிக்குப் பின் மற்றவையும் வந்தன. குழுவினர் கொண்டுவருவார்கள், நான் புண் கழுவுவேன், கண்ணில் பீளை துடைப்பேன், சூடான துணியால் வயிற்றைத் தடவிச் சிறுநீர் கழிக்கப் பழக்குவேன். சாவியின் ஓசை கேட்டதும் எல்லாம் வாயிற்படிக்கு ஓடிவரும். நான் மீண்டும் வீட்டிற்குள் பேசத் தொடங்கினேன்.

உணவில் ஒரே ஒழுங்கு. பெருமாளுக்கு அமுது செய்வித்த பிறகு, குழைய வடித்த தயிர்சாதம்; இரவு பால். ஏகாதசியன்று எனக்கும் அவற்றிற்கும் தீர்த்தம் மட்டும். என் மாமியார் சொல்வார், அரங்கன் எல்லைக்குள் பிரசாதம் உண்டே வாழ்ந்து முடியும் பிராணி மறுபடி பிராணியாகப் பிறப்பதில்லை என்று. சாக்கில் கட்டி எறியப்பட்ட உயிருக்கு நான் தரக்கூடியதில் அதைவிட உயர்ந்தது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஓராண்டு சென்றபின் பொன்னி வாசற்காலில் முட்டிக்கொள்ளத் தொடங்கியது. மற்ற சிலவும் தடுமாறின. தில்லைநகரில் கால்நடை டாக்டர் ஜூடிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். மார்பில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"என்னங்க டீச்சர் குடுக்கறீங்க?"

சொன்னேன்.

"டீச்சர், நீங்க விரதம் இருங்க, புண்ணியம் உங்களுக்கு. இது என்ன பாவம் பண்ணுச்சு? பூனை உடம்புக்கு மீனோ கறியோ இருந்தே ஆகணும். அதுல இருக்கிற சத்து இல்லாமத்தான் கண்ணு போயிருக்கு. அடுத்து இதயம். மத்ததுகளையாவது காப்பாத்துங்க."

கேட்டுக்கொண்டேன். வீட்டிற்கு வந்து தயிர்சாதத்தில் நெய் சற்றுக் கூடுதலாகச் சேர்த்தேன்.

என் வீட்டில் நடந்ததை மாதுரி எனக்கு முன்பே புரிந்துகொண்டிருந்தாள். அலுவலகத்தில் யாரோ வேகவைத்துக் கொடுத்த மீனை டப்பாவில் கொண்டுவந்து, நான் கோயிலுக்குப் போகும் வேளையில் வெளிப்படியேறி என் மொட்டைமாடியில் வைத்திருக்கிறாள். ஒருநாள் சீக்கிரம் திரும்பிவிட்டேன். மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு முள் நீக்கிக்கொண்டிருந்தாள். பூனைகள் உறுமிக்கொண்டு தின்றன. என் வீட்டில் அவை அதுவரை உறுமியதில்லை.

"பெருமாள் இருக்கற வீடு இது, மாதுரி."

"தெரியும் மாமி. எனக்கே குமட்டிண்டு வரது. ஆனா அதுகளோட ரோமத்தைப் பாருங்கோ, எப்படி மினுக்கறது. நீங்க ஆசையா வெச்சுக்கற பொம்மையா அதுகள்? குருடாக்கிண்டிருக்கேள் மாமி, வாய் கூசாம சொல்றேன்."

"என் குழந்தைகளுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி. குழுவிலே பேசியாச்சு. கே.கே. நகர்லே ஒருத்தர் எல்லாத்தையும் வெச்சுக்கறேன்னுட்டார். ஞாயித்துக்கிழமை வண்டி வரும். கோவிச்சுக்கோங்கோ, பரவாயில்லை."

அன்று மாலையே தட்டுகளை நிரப்பினேன். ஒன்றும் தொடவில்லை. முகர்ந்துவிட்டு, மாடிப்படியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டன. ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று கையில் எடுத்து நீட்டினேன். பொன்னி என் விரலை மோந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பின் என் சாவிக்கு யார் ஓடிவருவார்கள்?

எல்லாவற்றையும் பின்கட்டு அறையில் சேர்த்தேன். சன்னலை அடைத்தேன். கம்பளி விரித்தேன், மண்தொட்டியும் அகலமான பாத்திரத்தில் தீர்த்தமும் வைத்தேன். குறை ஒன்றும் இல்லை. மாதுரியிடம், லால்குடிக்குப் பக்கத்தில் என் தங்கையின் தோட்டத்திற்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னேன். அவள் நம்பினாள். நான் பொய் சொல்வேன் என்று இந்த வீதியில் ஒருவரும் எண்ணமாட்டார்கள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பொன்னியை ஒரு தரம் பார்த்திருப்பேனே மாமி" என்று வாசலில் நின்று அழுதாள்.

நாவில் ஏறிய சுவை மறக்க வேண்டுமென்றால் நாவிற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். என் எண்ணம் அவ்வளவே. முதலில் தயிர்சாதத்தை வைத்து எடுத்தேன். வேண்டாம் என்று திரும்பியவற்றின் முன் மீண்டும் மீண்டும் நீட்டுவது அன்னத்திற்கு அபசாரம் என்று பட்டது. அதன்பின் தீர்த்தம் மட்டும். அவை அழுதால், இன்னும் மீனுக்காக அழுகின்றன என்று பொருள். அழுகை நின்றால், அது சரணாகதி. அன்று கதவைத் திறந்து ஊட்டுவதாக இருந்தேன்.

கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். உள்ளே பிறாண்டும்போது மரத்தின் வழியாக என் முதுகில் தெரியும். நானும் விரதம் இருந்தேன். இரத்த அழுத்த மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கக் கூடாது என்பதனால் காலையிலும் இரவிலும் மட்டும் சிறிது உண்டேன். "அடங்கிவிடுங்கள், கண்ணுகளா, நான் திறந்துவிடுகிறேன்" என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சியவள் அல்லேன். என் குரல் கேட்டால் அழுகை கூடியது. ஆகவே பேசுவதை நிறுத்திவிட்டுப் பாராயணம் செய்தேன்.

ஒருமுறை மாதுரி பால் பாக்கெட்டைக் கொடுக்க வந்தவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"மாமி, உள்ளே ஏதோ கத்தறாப்பலே இருக்கே?"

"பின்சந்தில் ஏதோ தெருப்பூனை."

"அதுக்காவது கொஞ்சம் சாதம் வைக்கக் கூடாதா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இப்படிப் பல நாள் கழிந்தபின் ஒரு காலையில் வீடு அமைதியாக இருந்தது. நான் நீராடி, புதிதாக வடித்து, தயிர் கடைந்து ஊற்றி, கைபொறுக்கும் சூட்டில் பிசைந்து எடுத்துக்கொண்டு போனேன். மகிழ்ச்சியோடுதான் போனேன், அதை மறைக்க விரும்பவில்லை.

கம்பளியின் மேல் அவை ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருந்தன. நெஞ்சு எதிலும் அசையவில்லை. சிலவற்றில் நெஞ்சே முழுதாக இல்லை. மூலையில் பொன்னி மட்டும் உட்கார்ந்திருந்தது. வாயைச் சுற்றி வெள்ளை ரோமம் கறுத்து உலர்ந்திருந்தது. அது பிழைத்தது எப்படி என்பதை விளக்க வேண்டியதில்லை என நினைக்கிறேன்.

இதுவரை நான் சொன்னவற்றை அறியாமை என்று எழுதிக்கொள்ள உங்களுக்கு மனம் வரலாம். இந்தக் காவல் நிலைய வாசலில் நிற்கும் மாதுரியும் அப்படித்தான் சொல்லச் சொன்னாள். "வயசாயிடுத்து, தெரியலேன்னு சொல்லுங்கோ மாமி" என்றாள். அது சரியன்று. அடுத்ததை நான் அறிந்தே செய்தேன்.

"பொன்னி" என்று அழைத்தேன். அதற்குக் கண் தெரியாது. என் குரலைப் பிடித்துக்கொண்டு, படுத்திருந்தவற்றைத் தாண்டி, தடுமாறி வந்தது. என் காலில் தலையைத் தேய்த்தது. கூவியிருந்தால் எதிர்வீட்டிலிருந்து மாதுரி ஓடிவந்திருப்பாள், ஆட்டோவில் டாக்டர் ஜூடிடம் போயிருப்போம், பிழைத்திருக்கும். அது மீன் தின்று, கே.கே. நகரில் யாருடைய சாவி ஓசைக்கோ காது கொடுத்துக் கிடந்திருக்கும். என் காலை மெல்ல விலக்கிக்கொண்டு, வெளியே வந்து, தாழிட்டேன். அதன் பிறகும் அது இரண்டு நாள் அழைத்தது. என்னைத்தான் அழைத்தது, வேறு யாரையும் அல்ல.

தயிர்சாதத்தை உள்ளே வைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன். பட்டினி போட்டுக் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.