முறை வைத்து எழும் டிஸ்க்குகள்

நத்தம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர்: கல்யாண வீடியோ எடுப்பவரும் அவருடைய மச்சானும். எனக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கும்.

“நம்ம கிணத்து மோட்டாரவிட ஹார்டு டிஸ்க்குக்கு மருவாதி தெரியுது, மச்சான்” என்றார் வீடியோக்காரர்.

“அத விடுங்க மாப்ள. நாளைக்கு எம்மக துபாய்க்குக் கெளம்புது. கல்யாண சிடி எங்க? கரண்டு இல்லன்னு சொல்லிராதீக.”

“அதத்தான சொல்ல வாரேன்! கம்ப்யூட்டர்ல நாலு டிஸ்க்கு. சுத்த ஆரம்பிக்கையிலதான் கரண்ட அம்புட்டு இழுக்கும். முந்தி நாலும் ஒண்ணா எந்திரிக்கும், இன்வெர்ட்டர் அணைஞ்சு போகும். இப்ப மாட்டுன புது டிஸ்க்குல ஒண்ணு நல்லா சுத்துன பொறகுதான் அடுத்தது எந்திரிக்குது. சோலி இல்லாட்டித் தூங்கிருது. நேத்து கரண்டே இல்ல, பேட்டரியிலயே முடிச்சுட்டேன்.”

பையிலிருந்து சிடி டப்பாவை எடுத்துக் கொடுத்தார். மச்சான் அதை வேட்டி நுனியால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“கிணத்து மோட்டாரு போட நாங்களும் பெரியப்பா மொதல்ல, பொறகு நானு, பொறகு தம்பின்னுதான் பேசி வச்சோம். கரண்டு வந்ததும் மூணு பேரும் ஒண்ணாப் போட்டு டிரான்ஸ்பார்மர் பீஸைப் போக்குறோம்” என்றார் மச்சான். “அந்த டிஸ்க்கச் செஞ்சவர ஒருக்கா நம்ம தோட்டத்துக்குக் கூட்டியாங்க, மாப்ள.”